நடுவில் வந்த குதிரை

கம்பளையில் நான் ரயிலேறியபோது, துருக்கித் தொப்பி அணிந்த துணி வியாபாரி ஒருவர் மடியில் சதுரங்கப் பலகையோடு இருந்தார். ஒவ்வொரு காயையும் ஊதிவிட்டே நகர்த்துவார். அதற்கு என் கைக்குழந்தை சிரித்தது. அவர் ஆட அழைக்க, ஒவ்வொரு நகர்வும் சரிதானா என்ற தயக்கத்தோடேயே நானும் ஆடினேன்.

என் யானை அவருடைய மந்திரியைக் குறிவைத்தது. அதே வரிசையில், என் யானைக்குப் பின்னால் அவருடைய யானை நின்றது.

“எடுங்க தங்கச்சி. பின்னாலயே வந்து உங்க யானையத் தூக்கிருவேன்.”

பலமுறை யோசித்து, இரண்டு யானைகளுக்கும் நடுவே குதிரையை வைத்து, ராஜாவுக்குச் செக் சொன்னேன். குதிரைக்கு என் காலாள் காவல்.

“இப்ப எப்படி வருவீங்க, நானா?” என்று அண்ணன் முறை வைத்தே கேட்டேன்.

அவர் ராஜாவை நகர்த்தினார். நான் மந்திரியை எடுத்தேன். பேராதனைக்கு முன்பே வென்றுவிட்டேன்.

அவரோ காய்களை மறுபடி அடுக்கி, “தங்கச்சி மறிச்ச அழகப் பாருங்க” என்று கண்டி வரை எல்லோருக்கும் காட்டினார். தன் தோல்வியை ஒருவர் இப்படிக் கொண்டாடுவாரா? ஒவ்வொரு முறையும் என் குதிரையை ஊதித்தான் நடுவில் வைத்தார், குழந்தையும் சிரித்தது.