ரெண்டாவது ஹால், கேக்குதா?

நீங்கள் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவில்லை, சார். சொல்லிக்கொடுத்ததாகப் படிக்கட்டு வாசலில் ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்திருக்கிறீர்கள். அது பொய்.

போர்டில் இருப்பது என் முகம்தான். கறுப்புக் கோட்டு உங்களுடையது. கீழே மஞ்சள் எழுத்தில், ‘தமிழ்வழியில் படித்த மாணவி, எங்கள் ஆங்கிலப் பயிற்சியால் இன்று வங்கி அதிகாரி’ என்று போட்டிருக்கிறீர்கள். தி. நகரில் பாத்திரக் கடைக்கு மேலே வங்கித் தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறீர்கள். வாக்கியத்தில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் பாடம். இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிற தப்பு உங்களுக்குத் தெரியவில்லையா?

நான் சேர்ந்த அன்று நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. புதிதாக வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு ஆங்கிலப் பத்திரிகைத் துண்டைக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னீர்கள். யாரையும் முழுதாகப் படிக்க விடவில்லை. ஒரு வரி முடிவதற்குள் கை நீண்டுவிடும். “முதல் ஹால்.” “ரெண்டாவது ஹால்.” பழைய துணியையும் புதுத் துணியையும் பிரித்துப் போடுகிற மாதிரி. நான் ஒரு நீளமான வார்த்தைக்கு முன்னால் மூச்சு வாங்கினேன். மூச்சு வாங்கிய இடத்திலேயே என்னை மாடிக்கு அனுப்பிவிட்டீர்கள்.

முதல் ஹாலில் ஏசி, பெரிய வெள்ளைப் போர்டு, நீங்கள். ரெண்டாவது ஹால் என்பது மொட்டை மாடியில் தகரம் போட்ட கொட்டகை. கட்டணம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். கணக்குக்கும் ரீசனிங்குக்கும் எங்கள் கொட்டகைக்கே ஆட்கள் வந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலம் உங்கள் பாடம். அதை முதல் ஹாலில் மட்டும் நடத்தினீர்கள். எங்களுக்கு ஒரு ஒயர் இழுத்து, சுவரில் ஒரு ஸ்பீக்கர் மாட்டினீர்கள்.

தினமும் மைக்கில் உங்கள் முதல் வார்த்தை இதுதான்: “ரெண்டாவது ஹால், கேக்குதா?”

பதில் சொல்ல எங்களிடம் மைக் இல்லை. நீங்களும் பதிலுக்கு நின்றதில்லை.

“போர்டைப் பாருங்க. மூணாவது பகுதியில ஒரு தப்பு இருக்கு. தெரியுதா? நல்லா பாருங்க. நான் கோடு போட்டிருக்கேன்ல, அதுக்கும் முன்னாடி இருக்கிற வார்த்தைக்கும் ஒத்துப்போகல.”

நாங்கள் ஸ்பீக்கரைப் பார்த்தோம். அதில் வலை இருந்தது, வலையில் தூசி இருந்தது. எந்த வார்த்தை, எங்கே கோடு, யாருக்குத் தெரியும்? கீழே முதல் ஹால் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எங்களுக்கும் கேட்கும். எங்களில் சிலர் புரிந்த மாதிரி சேர்ந்து சிரிப்பார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு எரியும்.

என் பக்கத்து நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) பக்கத்துச் சந்தில் லைனிங் துணி, ஜிப், பட்டன் விற்கிறவர். முதல் வாரத்திலேயே அவள் சொல்லிவிட்டாள்: “மச்சி, இது கிளாஸ் இல்லடி. கிரிக்கெட் கமென்ட்ரி. எவன் அவுட்டுன்னு கூட சொல்ல மாட்டேன்றாரு.”

நான் உங்களைப் படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். “சார், இங்கிலீஷ் நேரத்துல மட்டும் நாங்க கீழ வந்து தரையில உக்காந்துக்கறோம் சார். போர்டு தெரிஞ்சா போதும்.”

நீங்கள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பாத்தா மட்டும் புரிஞ்சிடுமாம்மா? உங்களுக்கெல்லாம் கட்-ஆஃப் தாண்டினா போதும். அதுக்குக் காது போதும்.”

கட்-ஆஃப் என்றால் ஆங்கிலத்தில் எடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்ச மார்க். அது இல்லாவிட்டால் கணக்கில் முழு மார்க் வாங்கினாலும் வெளியேதான். எங்கள் கழுத்தில் கத்தி இருந்த இடமே அதுதான். அந்த இடத்துக்குத்தான் காது போதும் என்றீர்கள்.

சரி, காதில் எதைப் போட்டீர்கள்? குறுக்கு வழிகள். லமென்ட் என்றால் புலம்புவது. ஞாபகம் வைக்க, மார்க் குறைந்த சர்டிபிகேட்டை லேமினேஷன் போட்டுக்கொண்டு ஒருவன் கடை வாசலில் புலம்புவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பரீட்சையில் எனக்கு வார்த்தை மறந்துவிட்டது. லேமினேஷன் கடைக்காரன் மட்டும் ஞாபகத்துக்கு வந்தான். இந்த மாதிரி ஒரு நோட்டு நிறைய. பெரியவர்கள் செய்கிற வேலையா இது?

அதைவிடக் கேவலம் பத்தி வினாக்களுக்கு நீங்கள் சொன்ன வழி. “பாசேஜைப் படிக்காதீங்க, டைம் வேஸ்ட். கேள்வியில இருக்கிற வார்த்தையைப் பாசேஜ்ல தேடுங்க. பக்கத்துல என்ன இருக்கோ அதான் பதில்.” கேள்வி தயாரிக்கிறவனுக்கு இந்த வித்தை தெரியாதா? அவன் அதே வார்த்தையைத் தப்பான பதிலுக்குப் பக்கத்தில்தான் வைப்பான். நான் தேடினேன், கண்டுபிடித்தேன், ஆங்கிலத்தில் விழுந்தேன். மற்ற எல்லாவற்றிலும் தாண்டியிருந்தேன். என் தோழியும் அதே இடத்தில் விழுந்தாள். உங்கள் ஆபீசிலிருந்து போன் வந்தது. “இங்கிலீஷ்ல பயிற்சி பத்தல மேடம், அடுத்த பேட்ச்ல சேந்துடுங்க.” எதில் சேர? ஸ்பீக்கர் அங்கேயேதானே இருக்கிறது.

நான் ஆங்கிலம் படித்தது எங்கே என்று சொல்கிறேன். அந்தத் தோழியின் அத்தா கடையில், லைனிங் துணி மூட்டைகள் கிடக்கிற பரணில். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துக் காலையில் அங்கே போய்விடுவேன். கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். முன்பு நடந்து வரக்கூடிய தி. நகர் இப்போது பாதி நாளைத் தின்றது. அந்தப் பயணத்திலும் நின்றுகொண்டே படித்தேன்.

பரணில் எங்களுக்கு ஒரே சட்டம். சார் என்ன சொன்னாரோ அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். ஒருத்தி ஆங்கிலத் தலையங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படிப்பாள். இன்னொருத்தி அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் திரும்ப முதல் வரியிலிருந்து. ஆரம்பத்தில் ஒரே தலையங்கத்தில் காலை முழுதும் போனது. வாக்கியத்தை முழுதாகக் கண்ணால் பார்த்த பிறகுதான், இலக்கணம் என்பது தனி விதி இல்லை, ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று எனக்கு உறைத்தது. அதைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது, சார்.

கீழேயிருந்து அவளுடைய அத்தா கத்துவார். “இன்னாம்மா, மேல பார்லிமென்ட்டா நடத்திக்கினு கீறீங்கோ? கஸ்டமரு பயந்துக்கினு போறாரு!”

“பணவீக்கம் அத்தா! நீ ஜிப்ப எண்ணு!”

“எனுக்குத் தெரியாத பணவீக்கமா? லைனிங்கு விலைய வந்து பாரு!”

அடுத்த தடவை முதல்நிலைத் தேர்வில் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் தாண்டினோம். அதற்கடுத்த முதன்மைத் தேர்வில் நான் தேறினேன், அவள் கணக்கில் போனாள். இன்னொரு தடவை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. இப்போது அந்தக் கடையைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

எனக்கு நேர்முகத் தேர்வு பாக்கி இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்ததில்லை. தேறியவர்களுக்கு மாதிரி நேர்முகம் இலவசம் என்று நீங்கள் விளம்பரம் போட்டீர்கள். வந்தேன். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் மாட்டிக்கொள்ள வேண்டும். ஏற்கனவே போட்டவர்களின் பவுடரும் வேர்வையும் அதில் ஊறியிருந்தன. எனக்குத் தொளதொளவென்று இருந்ததால் உங்கள் ஆள் முதுகுப் பக்கம் துணி கிளிப் மாட்டி இழுத்து, “ஃபைலுக்கு ஒரு போட்டோ மேடம்” என்று எடுத்துக்கொண்டார். உங்கள் போர்டில் இருக்கிற அத்தனை பேரையும் பாருங்கள். முகம்தான் வேறு வேறு. கோட்டு ஒன்று.

உள்ளே நீங்கள் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எங்கே பயிற்சி எடுத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டீர்கள். “இங்கேதான், ரெண்டாவது ஹாலில்” என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். “குட், குட், கான்ஃபிடன்ஸ்” என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டீர்கள்.

வேலை கிடைத்து, இப்போது மயிலாப்பூரில் ஒரு கிளையில் இருக்கிறேன். இதுவரை ஒருவரும் என்னிடம் லமென்ட் என்று சொன்னதில்லை. “கொழந்தே, கண்ணாடிய ஆத்துலயே வச்சுட்டேன், இதைச் சித்த எழுதிக் குடேன்” என்பார்கள் கவுண்டருக்கு வருகிற மாமிகள். எழுதிக் கொடுக்கிறேன். தேர்வு வைக்கிறவர்களும் யோக்கியம் இல்லை. அது வேறு வழக்கு.

போர்டைப் பற்றி முதலில் போன் செய்தவள் தோழிதான். “மச்சி, உன் மூஞ்சி தெருவெல்லாம் தொங்குதுடி. அது சரி, பக்கத்துல ஸ்பீக்கர் போட்டோவைக் காணோமே? கிளாஸ் எடுத்தது அதுதானே!” நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். விட்டிருக்கக்கூடாது.

எங்கள் பெரும்பாக்கம் பிளாக்கில் இரண்டு மாடி கீழே ஒரு பெண் இருக்கிறாள். பி.காம். முடித்தவள், கெட்டிக்காரி. ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு நின்று சொன்னாள்: “அக்கா, உன் போட்டோ பாத்துதான் அங்க சேந்தேன்.”

“எந்த ஹால்?”

“மூணாவது.”

மூணாவது ஒன்று வந்துவிட்டதா! “இங்கிலீஷ் யாரு எடுக்கறாங்க?”

“சாருதான். ப்ளூடூத் ஸ்பீக்கருக்கா. சவுண்டு சூப்பரா கீது.” அப்புறம் குரல் இறங்கியது. “போன தபா இங்கிலீஷ்ல பூட்டுச்சுக்கா. நைனா இன்னும் ஒரு தபாதான் எழுதணும்ன்றாரு. அப்பால துணிக்கடை வேலைக்குப் போவணுமாம். நான் இந்த தபாவே எழுத வாணாம்னு பாக்கறேன்.”

“ஏன்?”

“உனுக்கும் ஸ்பீக்கருதானே? உனுக்கு ஏறிச்சு. எனுக்கு ஏறல. அப்ப நான்தான மக்கு?”

நான் ஸ்பீக்கரில் படிக்கவே இல்லை என்று சொன்னேன். பரண் கதையைச் சொன்னேன். என்னோடு உட்கார்ந்து படி, ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் சிரித்தாள். “எனுக்கு ஆறுதலுக்கு சொல்றக்கா நீ. அதான் போர்டுலயே போட்டுக்கீறாங்களே.”

புரிகிறதா, சார்? உங்கள் போர்டு ஆள் பிடிப்பதோடு நிற்கவில்லை. பிடித்த ஆளிடம், இந்த முகத்துக்கு ஏறியது, உனக்கு ஏறவில்லை, கோளாறு உன் மண்டையில் என்றும் சொல்கிறது. அதைச் சொல்ல என் முகத்தை வைத்திருக்கிறீர்கள்.

நேரில் வந்தேன். போர்டைக் கழற்றச் சொன்னேன். “ஏம்மா, நீ இங்க அட்மிஷன் போட்டியா இல்லையா? நான் பேசினது உன் காதுல விழுந்துதா இல்லையா? அப்புறம் என்ன பொய்?” என்றீர்கள். படிக்கட்டில் பிள்ளைகள் நின்று கேட்க ஆரம்பித்ததும் குரலைத் தாழ்த்தினீர்கள். “இங்க சீன் போடாதே. கேள்வி இருந்தா என் சண்டே யூடியூப் லைவ்ல கேளு. எல்லார் முன்னாடியும் பதில் சொல்றேன்.”

லைவில் கேட்டேன். இன்டர்வியூவுக்கு எந்தக் கலர் சட்டை போடலாம் என்று ஒருவர் கேட்டதற்கு வெகு நேரம் விளக்கம் சொன்னீர்கள். என் கேள்வி வந்த வேகத்தில் காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் என்னையே வெளியே தள்ளிவிட்டீர்கள். நீங்கள் கேட்டால் நாங்கள் பதில் சொல்ல மைக் இல்லை. நாங்கள் கேட்டால் அதை அழிக்கப் பொத்தான் இருக்கிறது.

ஆகையால் அச்சில் கேட்கிறேன், இதை அழிக்க முடியாது. எனக்கு மன்னிப்பு வேண்டாம். அந்தக் கோட்டும் வேண்டாம். நான் சொன்னால் நம்பாத ஒரு பெண் இருக்கிறாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். ஞாயிற்றுக்கிழமை அவளை என் பக்கத்தில் உட்கார வைத்து உங்கள் லைவைப் போடுகிறேன். நீங்கள் ஆங்கிலம் நடத்துகிற நேரத்தில், ரெண்டாவது ஹாலிலும் மூணாவது ஹாலிலும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நீங்கள் எழுதுகிற வெள்ளைப் போர்டு கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா? எல்லார் முன்னாடியும் சொல்கிறேன் என்றீர்களே, சொல்லுங்கள்.