ஒன்பது மணிக் கடல்

காலை ஒன்பது மணிக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, நாங்கள் இருவரும் சரியான இடத்தில் நின்றோம். சரியான இடம் என்று சொன்னது என் அட்டவணை. எதிரே இருக்கவேண்டிய பாறைத் தரையைக் காணோம். கடல்தான் இருந்தது, கரையோர மரங்களின் வேர்வரை வந்து மோதிக்கொண்டு.

"இதுல எங்கலே நடக்கது?" என்றான் என் அறைத்தோழன்.

போனை எடுத்து மறுபடி பார்த்தேன். 'ஒன்பது மணி, பவளப்பாறை, நடந்தே போகலாம், கட்டணம் இல்லை.' நானே அடித்து, பச்சை நிறமும் பூசியிருந்தேன்.

இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி வேலைக்காக ஒன்றரை வருடமாக ஒரே அறையில் இருந்தோம். இருந்தோம் என்பதுகூட மிகை. எனக்கு ஏ ஷிப்ட் என்றால் அவனுக்கு பி. அவன் வந்து கதவைத் திறக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். வாரம் மாறினால் ஷிப்ட் மாறும், யார் தூங்குவது என்பதும் மாறும், அவ்வளவுதான். அந்தமானுக்கு வந்த இந்த நான்கு நாட்களில்தான் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தோம்.

மாதக் கடைசியில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. அதன்பிறகு சங்கரன்கோவில், அண்ணனின் விசைத்தறிக் கொட்டகை. கொட்டகைக்குள் போய்விட்டால் இப்படி வெளியே கிளம்ப வழியில்லை என்று அவனே சொல்லியிருந்தான். போவதற்குள் உயிருள்ள பவளத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் நீச்சல் தெரியாது. முகமூடி மாட்டிவிட்டாலும் தண்ணீருக்குள் முகம் வைக்கப் பயம். அப்போதுதான் எங்கள் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் ஒருவன் இதே தீவுக்குப் போய் ஒரு வீடியோ அனுப்பினான். கணுக்கால் தண்ணீரில் சும்மா நடந்துகொண்டே, பாறைக் குழிகளில் பவளத்தைக் காட்டிக்கொண்டு போகிறான். அறைத்தோழன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். "இதுல நான்கூட நடந்துருவேன்லா" என்றான். மிச்சமிருந்த விடுப்பு முழுவதையும் எழுதிக்கொடுத்தான்.

எனக்கு அது போதும். லைன்காரனிடம் எந்தெந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போனான் என்று கேட்டு, ஒன்றுவிடாமல் கட்டம் போட்டு இறக்கினேன். விமான நிலையத்திலிருந்து டவுன் பஸ், அரசுக் கப்பல், வாடகை சைக்கிள். முதல் மூன்று நாளும் அட்டவணை சொன்னபடியே நடந்தது. நானும் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். பவளத்தைக் கடைசி நாளுக்கு வைத்ததும் நான்தான். நாலரைக்குக் கப்பல், மறுநாள் காலை விமானம்.

தப்பான கரைக்கு வந்துவிட்டோம் என்று முடிவு செய்தேன். "அந்தப் பக்கம் கீது மச்சான், வா" என்றேன். எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. எங்கள் ஏரியாவில் திசை என்றால் இரண்டுதான். சென்னை பக்கம், பெங்களூர் பக்கம். எங்கே நின்றாலும் லாரி போகிற போக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இங்கே எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் தென்னை, பாக்கு, வாழை, கடைசியில் கடல். இரண்டாவது கரையிலும் தண்ணீர். மூன்றாவதிலும் தண்ணீர். நடுவில் ஒரு கடைத்தெரு வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது முறை அதே வாழைத்தார்க் கடையைத் தாண்டியபோது அவன் சைக்கிளை நிறுத்தினான்.

"ஏலே, நாம போறமா, சுத்துறமா?"

என் சைக்கிளில் செயின் கழன்றிருந்ததால் அதைத் தள்ளிக்கொண்டு, வாடகைக்கு எடுத்த கடைக்கே போனோம். கடையில் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி. காலையில் அவளிடம் சைக்கிள் கேட்க, லைனில் பீகார்க்காரர்களிடம் பழகிய அரைகுறை இந்தியைத்தான் செலவழித்திருந்தேன். இப்போது பாறை எங்கே போனது என்று இந்தியில் கேட்கத் தெரியாமல் கையால் கடலையும் என் கால்களையும் காட்டினேன். அவள் செயினை மாட்டியபடியே தமிழில் கேட்டாள். "நடக்குற பாறையா? ஒன்பது மணின்னு யார் சொன்னது?"

போன வாரம் ஒருத்தன் போனான் என்றேன்.

"போன வாரம் ஒன்பதுன்னா இந்த வாரமும் ஒன்பதா? தினமும் முக்கால் மணி, ஒரு மணின்னு தள்ளிக்கிட்டே போகும். இன்னைக்கு மூணுக்குத்தான் தண்ணி வத்தும்."

அறைத்தோழன் என்னைப் பார்த்தான். "வாரா வாரம் ஷிப்ட் மாத்தி மாத்திப் போறவன்தானலே நீ" என்றான். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்று மணிக்குத் தண்ணீர் வற்றும், நாலரைக்குக் கப்பல், துறைக்கு அரைமணி நேரம் மிதிக்க வேண்டும். மூன்றே முக்காலுக்குக் கிளம்பியே ஆகவேண்டும் என்று பேசிக்கொண்டோம். இரண்டே முக்காலுக்கு அதே முதல் கரையில் நின்றோம். காலையில் வேர்வரை இருந்த கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டிருந்தது. அதே இடம்தானா என்று காலையில் சைக்கிளைச் சாய்த்திருந்த மரத்தைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அவன் கையைச் சற்றே விரித்து, ஒவ்வோர் அடியாக வைத்துப் போனான். முதல் குழியில் ஒன்றுமில்லை. அடுத்ததில் ஒரு கடல் அட்டை, கழற்றிப் போட்ட வேலைக் கையுறைபோல. மூன்றரைக்குத்தான் பெரிய குழி ஒன்றைக் கண்டுபிடித்தோம். பவளம் வீடியோவில் பார்த்ததுபோல் மின்னவில்லை. பழுப்பாக, கிளை கிளையாக, நுனியில் மட்டும் வெளுத்து நின்றது.

"இதுதானா?" என்றான்.

ஏமாற்றமா, சந்தோஷமா என்று புரியவில்லை. அவன் உட்கார்ந்துவிட்டான். விரல்நீள நீல மீன் ஒன்று கிளைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. இன்னும் கிட்டே பார்க்கக் குனிந்தான், மூக்கு தண்ணீரில் படும்வரை. போன் என் கையில் மூன்று நாற்பத்தைந்து காட்டியது. மூன்று ஐம்பத்திரண்டுக்குத்தான் கூப்பிட்டேன்.

சைக்கிளை மிதிக்கும்போது வெயில் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. எங்கள் ஊரில் அப்படிச் சாய்ந்தால் மணி ஐந்தரை. கப்பல் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு மிதித்தேன். அவன் அவசரப்படாமல் பின்னால் வந்தான். துறையில் மணி நாலு இருபது, கப்பல் நின்றுகொண்டிருந்தது. அங்கே சூரியனுக்கும் வேறு ஷிப்ட் போலிருக்கிறது.

சைக்கிள்களைத் துறையிலேயே ஒப்படைத்துவிட்டு ஏறி உட்கார்ந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"காலையிலேயே அந்தப் புள்ளகிட்ட கேட்டிருந்தா, சுத்தாம அங்கனயே உக்காந்து தண்ணி எறங்குறதயும் பாத்திருக்கலாம்லா" என்றான். பிறகு கம்பெனி பஸ்ஸில் தூங்குவதுபோல, கப்பல் நகர்வதற்குள் தூங்கிவிட்டான்.

மாதக் கடைசியில் ஊருக்குப் போனான். போன வாரம் கேன்டீனில் ஒரு பையன் அந்தமான் போகிறேன், அட்டவணையை அனுப்பு என்றான். அனுப்பினேன். பவளப்பாறைக்கு நேரே இருந்த மணியை மட்டும் அழித்துவிட்டு, சைக்கிள் கடையில் கேள் என்று எழுதினேன். எந்த சைக்கிள் கடை என்று திருப்பிக் கேட்கிறான். எந்தப் பக்கம் என்று சொல்ல இன்னும் எனக்குத் தெரியவில்லை.