கடைசி பெஞ்சுக்குக் கட்டிய கயிறு

எங்கள் லுத்தரன் கோயிலில் கடைசி ஐந்து வரிசை பெஞ்சுகளையும் மஞ்சள் நைலான் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். அறுப்பின் பண்டிகைப் பந்தலுக்கு வாங்கியதில் மிச்சம் கிடந்த கயிறு. யாரும் பின்னால் உட்காரக் கூடாது, எல்லாரும் முன்னால் நெருக்கி உட்கார வேண்டும், அப்போதுதான் புதிதாக வருகிறவர்களுக்குக் கோயில் நிறைந்த மாதிரி தெரியும் என்று கமிட்டியில் முடிவு. நானும் அந்தக் கமிட்டியில் இருக்கிறேன். அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெரு வரை கேட்டிருக்கும். ஆனால் அத்தனை சத்தமும் பாட்டுக்கு டிரம்ஸ் வைப்பதைப் பற்றித்தான். கயிற்றைப் பற்றி யாருமே பேசவில்லை.

திருச்சியில் எங்கள் சபைக்கு ஆள் குறைந்தது ஒரே நாளில் நடந்ததில்லை. என் சின்ன வயசில், அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறுகளில் வெள்ளைச் சேலைகளும் வெள்ளைச் சட்டைகளுமாக உட்கார இடம் இருக்காது. இன்றைக்குப் பாதிப் பேர் பிள்ளைகளோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். கொஞ்சம் பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த இளசுகளை பைபாஸ் பக்கத்து ஏசி ஹால் சபைகள் அள்ளிக்கொண்டு போயின. பாடகர் குழுவில் கீழ்க்குரலில் பேஸ் பாட நான் ஒருத்தன்தான், மேல்குரல் டெனருக்கு ஆளே கிடையாது. போன வருஷம், பிள்ளைகளை முதல் திருவிருந்துக்குத் தயார் செய்கிற திடப்படுத்தல் வகுப்புக்கு வந்தது இரண்டே பிள்ளைகள், அவர்களும் ஒரே வீட்டு அண்ணன் தங்கை.

இந்த நிலைமையில்தான் சபை வளர்ச்சி பற்றி வகுப்பு எடுக்க ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மனிதர் திரையில் படம் படமாகக் காட்டினார். காலி பெஞ்சு ஆளை விரட்டும் என்றார். ஞானப்பாட்டு நீளம், இரண்டு சரணம் போதும் என்றார். வாசலில் சிரித்த முகத்தோடு வரவேற்க ஆள் வேண்டும், ஆளுக்கொரு பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வர 'நண்பர் ஞாயிறு' என்று ஒரு நாள் வைக்க வேண்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதென்ன கோயிலா, ஆடித் தள்ளுபடி போட்ட ஜவுளிக்கடையா என்று கமிட்டியில் கேட்டேன். செயலர் கோபப்படவில்லை. "அண்ணே, என் பசங்க ரெண்டு பேரும் அந்த ஹாலுக்குத்தான் போறானுங்க. இங்க வாங்கடான்னு கூப்பிட என் கையில ஏதாவது வேணும்ல?" என்றார். அதற்கு நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன். எங்கள் ஆயர் வயசில் சின்னவர், நல்ல மனிதர், இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

கயிறு கட்டிய முதல் ஞாயிறு என் அக்கா வந்தாள்.

அக்கா ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் இருந்தாள். காலேஜ் முடித்த கையோடு ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தான் இந்து. அந்தக் காலத்தில் எங்கள் சபையில் இதற்குத் தண்டனை உண்டு. பிரசங்க பீடத்திலிருந்து பேரைச் சொல்லி, இன்னார் சபை ஒழுங்கின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறார் என்று அறிவிப்பார்கள். அப்படிப்பட்டவர் கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும், திருவிருந்துக்குப் போகக் கூடாது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்டு, ஆயர் அதே பீடத்திலிருந்து 'சேர்த்துக்கொண்டோம்' என்று சொன்னால்தான் விடுதலை. அக்காவின் பேரைச் சொன்ன அன்றைக்கு நான் பள்ளிக்கூடப் பையன். அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார், அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுத்ததில்லை. காலம் போயிற்று, அந்தப் பழக்கமும் வழக்கொழிந்தது. அத்தானும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதராகிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மட்டும் அந்தக் கடைசி பெஞ்சை விடவில்லை. பழகிப்போன இடம், நம் ஆட்களுக்கு அவரவர் பெஞ்சு ஒன்று இருக்கும், அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு தவறாமல் வருவாள். திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவாள். கேட்டால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பாள். "ஸ்ரீரங்கம் பஸ்தான் ஒண்ணு பின்னாடி ஒண்ணு வருதேக்கா, அதுக்கு ஏன் இந்த ஓட்டம்?" என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே போவாள்.

அந்த ஞாயிறு பாடகர் குழுவில் நின்றபடி நான் பார்த்தேன். அக்கா வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாக வந்து தன் பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். வரவேற்பதற்கு நின்ற பெண், சபைக்குப் புதுசு, ஓடி வந்து ஏதோ சொன்னாள். இங்கே உட்காரக் கூடாதும்மா என்று சொன்னாளாம், பிறகு தெரிந்தது. முன்னால் போங்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அக்கா திரும்பி வாசலைத் தாண்டிவிட்டாள். பாட்டு நடுவில் நான் எங்கே போக?

அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தால் தலைவலி என்றாள், முழங்கால் என்றாள். மூன்றாவது வாரம் நானே கிளம்பிப் போனேன். அத்தான் காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூடத்தில் அவர் படத்துக்கு மாலை, அதற்கு எதிர்ச்சுவரில் சிலுவை, அக்கா நடுவில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பற்றி விளக்கினேன். புது ஆட்கள், வளர்ச்சி, காலி பெஞ்சு, வகுப்பெடுத்தவர் என்று எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"முன்னாடி வரணும்னா சொல்லணும்ல. எனக்கு யாரும் சொல்லலியே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் சொன்னாளே என்றேன்.

"அந்தப் பொண்ணு இல்லடா. பீடத்துல இருந்து."

அப்புறம்தான் சொன்னாள். அவளை ஒழுங்கின் கீழ் வைத்த ஆயர் மறு வருஷமே மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு விஷயம் தெரியாது. அதற்கடுத்து வந்தவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. விடுதலை என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக என் அக்கா திருவிருந்து எடுக்கவில்லை. எடுப்பவர்களைப் பார்க்க முடியாமல்தான் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து போயிருக்கிறாள். நான் பஸ்ஸைச் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். வேறு யார் மேல் விழுவது?

"கேட்டா மன்னிப்புக் கேக்கச் சொல்லுவாங்க. இந்த மனுஷரைக் கட்டிக்கிட்டதுக்கு நான் எதுக்குடா மன்னிப்புக் கேக்கணும்?" என்றாள். பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாகறதுக்குள்ள ஒருவாட்டி வாங்கணும்னு மட்டும் இருக்கு. அந்த பெஞ்சாவது இருக்கேன்னு வந்துட்டு இருந்தேன். அதையும் கட்டிப்புட்டாங்க" என்றாள்.

அன்றைக்குக் காவிரிப் பாலத்தில் பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்கும்படி அழுதேன்.

ஆயரிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. மறுநாளே திருவிருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு ஸ்ரீரங்கம் வந்தார். இப்போதே தருகிறேன் அம்மா, மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம் என்றார். அக்கா காபி கொடுத்தாள், மரியாதையாகப் பேசினாள், ஆனால் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லார் முன்னாடியும் வேணாம்னு சொன்னாங்க. எல்லார் முன்னாடியும் வான்னு சொல்லுங்க ஐயா. அது போதும்" என்றாள். வருகிற மாத முதல் ஞாயிறு திருவிருந்து, அன்றைக்கே சொல்கிறேன் என்று ஆயர் வாக்குக் கொடுத்தார். நாங்கள் கிளம்புவதற்குள் அக்கா பீரோவைத் திறந்து வெள்ளைச் சேலையை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். மகனிடம் இஸ்திரிக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்றாள்.

அந்த முதல் ஞாயிறுதான் நண்பர் ஞாயிறாகப் போயிற்று. பிரசங்கத்துக்கு வருகிறவருக்கு அன்றைக்குத்தான் தேதி இருந்ததாம். கமிட்டி கூடியது. அன்றைக்குத் திருவிருந்து வேண்டாம், அடுத்த மாதத்துக்குத் தள்ளுவோம் என்றார் செயலர். "வந்தவங்களை உட்கார வச்சுட்டு நாம மட்டும் எந்திரிச்சுப் போய் வாங்கினா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல" என்றார். ஒரு மாதிரி இருக்கும் என்று இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறதா என்று மேஜையைத் தட்டினேன். எதற்கு இவ்வளவு கோபம் என்று யாருக்கும் விளங்கவில்லை. பீடத்திலிருந்து ஆயர் சொல்கிற வரை விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எல்லாரும் டிரம்ஸ் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்திருப்பார்கள். ஆயர் ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். ஒரு மாதம்தானே என்று மெதுவாகச் சொன்னார். ஓட்டெடுப்பில் நான் ஒருத்தன் மட்டும் எதிர்த்துக் கை தூக்கினேன்.

அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் போனில் இழுத்தேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள். "இத்தனை வருஷம் இருந்தாச்சு, இன்னும் ஒரு மாசம் என்னடா பெரிய மாசம்" என்றாள்.

நண்பர் ஞாயிறு நடந்தது. டிரம்ஸ் அடித்தார்கள். நண்பர்கள் என்று கொஞ்சம் பேர் வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அவர்களில் ஒருவரும் வரவில்லை. வளர்ச்சி என்று பார்த்தால் டிரம்ஸ் மட்டும் கூடுதலாக நின்றது.

அடுத்த மாதத் திருவிருந்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காலையில் அக்காவின் மகன் போன் செய்தான். பால் வாங்க எழுந்தவள் சமையல்கட்டு வாசலிலேயே விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவன் அப்பாவோடு கோயில் குளம் என்று வளர்ந்த பிள்ளை. "அம்மா உங்க சர்ச்சுக்குத்தான் கொண்டு போகணும்னு சொல்லியிருக்காங்க மாமா. நீங்களே எல்லாம் சொல்லுங்க" என்றான். வெள்ளைச் சேலை இஸ்திரி மடிப்புக் கலையாமல் நாற்காலியில் இருந்தது. அதையே கட்டிவிட்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் கோயில் நிறைந்தது. பொய் இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து தெருவே கிளம்பி வந்துவிட்டது. நெற்றியில் திருமண் போட்டவர்கள், பூக்காரம்மா, மாவு மில்காரர், அக்காவிடம் டியூஷன் படித்த பிள்ளைகள், எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். முன் பெஞ்சுகள் போதவில்லை. கயிற்றின் முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. செயலரே ஓடிப் போய்க் கத்தி வாங்கி வந்து அறுத்தார். இப்படி நிறைந்து பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று என்னிடம் முணுமுணுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதனால் திட்டாமல் விட்டேன்.

ஆயர் வாக்கைக் காப்பாற்ற நினைத்தார். அடக்க ஆராதனை நடுவில் பிரசங்க பீடத்தில் ஏறினார். எதைச் சொல்வதென்று தெரியாமல் பழைய ஆராதனைப் புத்தகத்தில் இருந்ததையே வாசித்தார். சபை ஒழுங்கின் கீழ் இருந்த நமது சகோதரியின் குற்றம் மன்னிக்கப்பட்டது, அவர் மறுபடியும் சபை ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்று அவளுடைய பேரைச் சொல்லி வாசித்தார். வாசிக்கும்போதே அவர் குரல் உடைந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சவப்பெட்டி திறந்துதான் இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகன் என் கையைப் பிடித்தான்.

"அம்மா என்ன மாமா குத்தம் பண்ணாங்க?"

அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படியே அவன் அப்பா முகம்.

"ஒரு குத்தமும் பண்ணலப்பா" என்றேன். நான் பள்ளிக்கூடப் பையனாக அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு, அந்தப் பீடத்தில் ஏறி யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.