தலைகீழாக நட்ட அரை ஏக்கர்

மரவள்ளிக் குச்சிக்குத் தலை எது, கால் எது என்று தெரியாமல்தான் நான் விவசாயத்துக்கு வந்தேன். திருநாவலூர் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பதினோரு வருடம் பஞ்சர் ஒட்டியவன். ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கல்வராயன் மலையடிவாரத்தில் பூங்காவனத்தைக் கட்டி, அவள் வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போனேன். கல்யாணம் என்றுதான் பேர். எனக்கென்னவோ புது முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்த மாதிரிதான் இருந்தது, அவ்வளவு பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. மாமனாருக்குப் பாரவண்டி ஏறி வலது கால் போயிருந்தது. மாமியார் முன்பே இறந்துவிட்டார். இருந்த இரண்டு ஏக்கரைப் பூங்காவனம்தான் பதிமூன்று வயதிலிருந்து பார்த்து வந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டாள், சமைத்தாள், அப்பாவின் காலுக்கு மருந்து கட்டினாள், தங்கச்சி சுமதியைத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பினாள், பிறகு கொல்லை என்று நாங்கள் சொல்லும் வயலுக்குப் போனாள். ஆனாலும் நிச்சயதார்த்தத்தில் மாமனார் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஒரு வெள்ளாமை பாப்பேன் மாப்ள. ஒங்களுக்குக் கை வரலன்னா நெலத்த கோவிந்தனுக்குக் குத்தகைக்கு வுட்டுடுவேன். ஆம்பள இல்லாத நெலம் நிக்காது.”

கோவிந்தன் அவருடைய அண்ணன் மகன், பக்கத்துக் கொல்லைக்காரர். நிலம் அவர் கைக்குப் போனால் பூங்காவனம் தன் நிலத்திலேயே கூலிக்குக் களை வெட்டப் போகவேண்டும். அது என் கையில் இருந்தது. என் கைக்கோ டியூப்பும் சொல்யூஷனும்தான் தெரியும்.

முதல் நாள்

மாசி மாதம். பூங்காவனம் குச்சிகளைச் சாண் சாணாக வெட்டிக் கூடைகளில் அடுக்கி வைத்துவிட்டு, மீதி நிலத்துக்குக் குச்சி கொண்டுவரக் கரியாலூரில் அத்தை வீட்டுக்குக் கிளம்பினாள்.

“நாளன்னிக்குக் காலைல வந்துடுவேன். கூடையில இருக்கறத நட்டுக்கினு இருங்க. தெரியலன்னா அப்பாவக் கேளுங்க.”

அவரைத்தான் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. பரீட்சை வைக்கிறவரிடமே போய் விடை கேட்பார்களா?

ஒரு குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஒரு முனை தட்டையாக இருந்தது, இன்னொன்று சாய்வாக வெட்டிக் கூராக இருந்தது. கூரான முனைதான் மண்ணுக்குள் போகவேண்டும் என்று முடிவு கட்டினேன். ஆடு கட்டும் முளைக்குச்சியை அப்படித்தானே அடிக்கிறோம்? அந்த வீட்டு வழக்கமே வேறு என்பது எனக்குத் தெரியாது. மேல்முனை அடையாளம் தெரியவும், மழைத் தண்ணீர் அதில் தங்காமல் வழியவும் தலைப்பக்கத்தைத்தான் சாய்வாக வெட்டுவார்கள்.

இரண்டு நாளில் அரை ஏக்கரை முடித்தேன். கயிறு பிடித்தது போலப் பார் பாராக வரிசை. அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

மூன்றாம் நாள்

பூங்காவனம் முதல் பஸ்ஸில் இறங்கி, தலையில் குச்சிக் கட்டோடு நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டாள். வரப்பில் நின்றபடியே பார்த்தாள். கட்டை இறக்கி வைத்தாள்.

“இன்னாங்க இது?”

“நட்டுட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

ஒன்றைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது எல உழுந்த தழும்பு. இது கண்ணு. கண்ணு எப்பவும் தழும்புக்கு மேலதான் இருக்கும். நீங்க நட்டதுல எங்க கீது, பாருங்க.”

கீழே இருந்தது. அடுத்ததைப் பிடுங்கினேன். அதிலும் கீழே. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அர ஏக்கருக்கு ஆடு கட்டப் போறீங்களா? இத்தினி ஆட்டுக்கு நான் எங்க போவேன்!”

பிறகு வெயிலை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. பொதுக்கிணற்றில் எங்கள் முறை அன்று மூன்று மணிக்கு. நட்ட மூன்றாம் நாள் விடுவது உயிர்த்தண்ணி. அந்த ஈரம் பட்டுவிட்டால் குச்சியை அசைக்கக் கூடாது. தலைகீழாகவே தண்ணீர் விட்டால் பாதி அழுகும், மீதி முளைத்தாலும் விரல் மாதிரிதான் கிழங்கு வைக்கும். மாற்றி வைக்க வேறு குச்சியும் கிடையாது. அவள் கொண்டுவந்த கட்டு மீதி நிலத்துக்கே பத்தாது.

“நீங்க அந்தக் கோடியில இருந்து வாங்க. நான் இந்தக் கோடியில இருந்து வரேன். பேசாதீங்க, புடுங்கித் திருப்புங்க.”

பத்துப் பார் போயிருக்கும். கோவிந்தன் வரப்போடு வந்தார்.

“இன்னா மச்சான், நேத்து நட்டத இன்னிக்குப் புடுங்கிக்கினு கீற? சைக்கிள் வீலுன்னு நெனச்சிக்கினியா, கழட்டி மாட்டறதுக்கு?”

பூங்காவனம் தலை நிமிராமலே பேசினாள்.

“வேல இல்லன்னா நீயும் வந்து ரெண்டு பார் திருப்பிக் குடுண்ணா.”

“எனக்கு இன்னாத்துக்கு? சித்தப்பாகிட்ட சொல்லிட்டு எம்பாட்டுக்குப் போறேன்.”

சொன்னதைச் செய்தார். கொஞ்ச நேரத்தில் மாமனார் தடி ஊன்றிக்கொண்டு வந்தார், பின்னாலேயே கோவிந்தன். மாமனார் வயலைப் பார்த்தார்.

“யாரு நட்டது?”

நான் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் சொல்லிவிட்டாள். “அவருதான். தப்பா நட்டுட்டாரு.”

முடிந்தது என்று நினைத்தேன். மனசுக்குள் சைக்கிள் கடைக்குத் திரும்பிப் போக பஸ்ஸே ஏறிவிட்டேன். அவள் கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“அவரு வந்து இருவது நாளு ஆவுது. அதுக்கு முன்ன ஏழு வருசம் இந்த நெலத்த யாரு பாத்தது? நீ கட்டில்ல கெடந்த. சுமதி பள்ளிக்கூடத்துல இருந்தா. அண்ணன் அவுரு கொல்லில இருந்தாரு. ஆம்பள இல்லாத நெலம் நிக்காதுன்னியே, ஏழு வருசம் எப்பிடிப்பா நின்னுச்சி?”

மாமனார் தடியை மாற்றி ஊன்றினார்.

“தப்பு பண்ணது அவரு. சரி பண்ணிக்கினு கீறது நானு. குத்தகைக்கு வுடறதுன்னா என் வேலையப் பாத்துட்டு வுடு. அவரு வேலையப் பாத்துட்டு வுடாத.”

சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். மாமனார் தடியைக் கீழே போட்டு, கையை ஊன்றி மெல்லப் பார் ஓரம் உட்கார்ந்தார். ஒரு குச்சியைப் பிடுங்கினார். கட்டைவிரலால் கண்ணைத் தடவிப் பார்த்தார். திருப்பி ஊன்றினார்.

“கோவிந்தா, நீ போ. மூணு மணிக்குத் தண்ணி வருது. பேச நேரமில்ல.”

உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அவர் மட்டும் நாலு பார் திருப்பினார்.

பதினைந்தாம் நாள்

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தபோது இரண்டு பார் மிச்சம் இருந்தது. நான் பதறினேன். “வுடுங்க, அது ஒங்க வெள்ளாமை” என்றாள். பதினைந்தாம் நாள் மற்றப் பாரெல்லாம் பச்சை கட்டிவிட்டது. என் இரண்டு பாரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோணிக்கொண்டு முளை வந்தது. அறுவடையில் கிழங்கு பிடுங்கியபோது அதில் கிடைத்ததெல்லாம் சுண்டுவிரல்தான். அதை மட்டும் தனியாக அவித்து என் முன்னால் வைத்தாள். சுமதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. மாமனாரும் ஒன்றை எடுத்துத் தின்றார். குத்தகைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. அடுத்த வருடம் நிலத்தைப் பூங்காவனம் பேருக்கு எழுதி வைத்தார்.

இப்போது விவசாயத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். தெரியாததை மறைக்க நான் பட்ட பாட்டில் பாதிகூடக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆகியிருக்காது.

அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் அவளோடு வேலை செய்தேன். அந்த இரண்டு ஏக்கரில்தான் சுமதி டீச்சருக்குப் படித்தாள், எங்கள் பையன்கள் இருவரும் படித்தார்கள், மாமனார் கடைசிவரை சுடுசோறு சாப்பிட்டார். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் பாயிண்ட் பார்க்கிறவர்கள், அதாவது கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறதென்று சோதிப்பவர்கள், முதலில் என்னிடம்தான் பேசுவார்கள். நான் அவளைக் கை காட்டுவேன். நான் கவலைப்படாத நாள் இல்லை. அவள் சொல்வாள்: “மழ வந்தாலும் பயப்படறீங்க, வரலன்னாலும் பயப்படறீங்க. எதுக்குப் பயப்படறதுன்னு ஒண்ண முடிவு பண்ணுங்க.”

தாலுக்கா ஆபீஸில்

போன வருடம் பூங்காவனம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்தாள், போய்விட்டாள். அதற்கு முந்தின நாள்வரை களை எடுத்தவள். வாரிசு சான்றிதழுக்கு ஆபீஸ் போனேன். எழுதிக்கொண்டிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசியது.

“அம்மாவோட தொழில் இல்லத்தரசின்னு போட்டுக்கறேன் ஐயா.”

தலையாட்டிவிட்டு வருவதுதான் என் வழக்கம். அன்று முடியவில்லை.

“இல்லம்மா. விவசாயம்னு போடுங்க.”

“அம்மாங்களுக்கெல்லாம் இப்பிடித்தான் ஐயா போடுவோம்.”

“பட்டா அவங்க பேர்லதாம்மா கீது. பாருங்க.”

பட்டாவை நீட்டினேன். அந்தப் பெண் படித்துப் பார்த்தது. எழுதியதை அடித்துவிட்டு ‘விவசாயம்’ என்று எழுதியது. மாமனார் அன்றைக்கே பேரை ஏற்றி வைத்ததால்தான் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அங்கே வாய் வந்தது. நிலத்தில் நிற்பவர் யாரோ, அவர் இருக்கும்போதே அவர் பேரைத் தாளில் ஏற்றிவிடுங்கள்.

“ஒங்க தொழில் ஐயா?”

“நான் அவங்ககிட்ட வேல செஞ்சேன்மா.”

“அப்போ விவசாயக் கூலின்னு எழுதட்டா?” என்று சிரித்தது அந்தப் பெண்.

“எழுதும்மா” என்றேன்.