எனக்கு மட்டும் வராத மெயில்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து, பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் வீட்டுக்குச் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஆபீஸ் வண்டிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைத்தோம். குனிந்து டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

லீவு முடிந்து வந்தால், நான் கேண்டீனுக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்கிறது, நகர்ந்ததும் சிரிப்பு வெடிக்கிறது. பக்கத்து டீமில் இருந்த ஒரு கன்னடப் பெண் மனசு கேட்காமல் தன் கம்ப்யூட்டரில் காட்டினாள். அதே போட்டோ. கீழே பெரிய எழுத்தில் என் உடம்பைப் பற்றி ஒரு வாசகம். அதை இங்கே எழுதமாட்டேன். இப்போது மீம் என்கிறார்கள். அப்போது ஃபார்வர்ட் மெயில். அனுப்பியவர் என் பக்கத்து சீட்டுக்காரர். ‘ஊட்டா ஆயித்தா?’ என்று தினமும் கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிக்கும் சேலத்துக்காரர், நம்ம தமிழ் ஆள்தான்! அந்த மாடியில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தார், என்னைத் தவிர.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டால் வேலை போகுமோ என்ற பயமும் இருந்தது.

அன்று சாயங்காலம் ரயிலில் லேடீஸ் பெட்டி. நான் ரொம்ப சாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெட்டியில் அக்காக்கள் அடிக்கும் பச்சையான ஜோக்குகளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பவள் நான். அன்றும் ஒரு அக்கா, புதிதாகக் கல்யாணமானவளை வம்புக்கு இழுத்தார். அவளும் விடவில்லை. “உன் வூட்டுக் கதைய நான் அவுத்து வுடவாக்கா?” என்றதும் பெட்டியே குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இங்கே கிண்டலுக்கு ஆளானவள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். பிடிக்கவில்லை என்றால் வாயை மூடு என்று சொல்லலாம், திருப்பியும் கொடுக்கலாம். ஆபீஸிலோ என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுச் சிரிக்கிறார்கள்.

மறுநாள் டீம் மீட்டிங் முடியும்போது, வேறு ஏதாவது இருக்கிறதா என்று மேல் மாடியில் உட்காரும் எங்கள் மேனேஜர் கேட்டார். எழுந்தேன். சேலத்துக்காரரைப் பார்த்து, “சார், என் போட்டோ போட்டு எல்லாருக்கும் மெயில் அனுப்பினீங்க. எனக்கு மட்டும் வரல. எனக்கும் அனுப்புங்க” என்றேன்.

“அய்யோ, அது சும்மா ஜோக்குங்க. லைட்டா எடுத்துக்குங்க.”

“ஜோக்குன்னா நானும் சிரிக்கணும் இல்ல? அனுப்புங்க சார்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நேற்று வரை சிரித்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மேனேஜர் அந்த மெயிலை வரவழைத்துப் பார்த்துவிட்டு, சேலத்துக்காரரை மட்டும் இருக்கச் சொல்லி மற்றவர்களை அனுப்பினார். அன்றே எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு மெயில் வந்தது. இந்தத் தடவை எனக்கும் வந்தது.

சிலர் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வேலை நிரந்தரமானது. ஆனால் அந்தப் படம் அதற்குள் எத்தனை ஆபீஸ்களுக்குப் போனதோ, அதை யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போதும் வாட்ஸ்அப்பில் யாராவது அந்த மாதிரிப் படம் போட்டால் நான் பாடம் நடத்துவதில்லை. ‘இதை அந்தப் பெண்ணுக்கே அனுப்ப முடியுமா?’ என்று மட்டும் கேட்பேன். முடியும் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.