லிஸ்ட் சார் மனப்பாடமாய்ப் போட்ட கோடு

வங்கியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, லிஸ்ட் சார்தான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப, போய்ச் சேரும் வங்கிக்கென்று உள்ள ஸ்விஃப்ட் கோடு போட வேண்டும். எட்டு எழுத்தோ பதினொன்றோ, பிசகினால் பணம் அந்தரத்தில் நிற்கும். மற்றவர்கள் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் கூரையைப் பார்த்தபடி ஒப்பிப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மனிதருக்குத் தலைக்கனமும் அந்த அளவுக்கு உண்டு.

ஒருவர் அடித்ததை இன்னொருவர் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. இவர் அடித்ததை மட்டும் மேனேஜர் பார்க்காமலே அனுமதிப்பார். ஒத்துப் பார்த்தால் இவருக்குக் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

லிஸ்ட் சாரின் மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இரண்டு வருஷம் முட்டி மோதி வாங்கிய இடம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் சேராவிட்டால் அது அடுத்தவருக்கு. திங்கட்கிழமை காலை, விவரமெல்லாம் இருந்த தாளை அவள் நீட்டினாள். இவர் கணக்கு எண்ணை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

"கோடு வேண்டாம்மா. அந்த பேங்க் கோடு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

பல்கலைக்கழகத்தின் கணக்கு இருந்த அந்த வங்கி போன மாதம் இன்னொன்றோடு இணைந்திருந்தது. இவர் அடித்த பழைய கோடு பேருக்கு உயிரோடு இருந்ததால் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கவில்லை. ஆனால் கணக்குகள் புதிய கோடுக்கு மாறியிருந்தன. அறிவிப்பு இவர் மேஜைக்கும் வந்ததுதான். பட்டியல் பார்க்கிறவர்களுக்கு வந்ததென்று பிரிக்காமல் ஒதுக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமையோடு இடம் போய், அடுத்த புதன்கிழமை பழைய கோடு என்ற குறிப்போடு பணம் திரும்பி வந்தது. நஷ்டம் ஒன்றுமில்லையே என்று மேனேஜர் தோளைத் தட்டினார். இவருக்கு ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. முதல் அறை யாருக்கு என்று தெரிந்ததால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் மகள் அழவில்லை. அழுதிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்.

"தாள்ல இருந்த கோடுதானேப்பா போட்டீங்க?"

"அதேதான். அவங்க பக்கம்தான் ஏதோ குளறுபடி."

அவள் அன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பதில் வந்ததும் முகம் மலர ஓடி வந்தாள்.

"அவங்க தப்புன்னா இடம் திரும்பக் குடுப்பாங்களாம்ப்பா. எந்தக் கோடுன்னு பாக்க, நீங்க பணம் அனுப்பின ஆர்டரோட காப்பி மட்டும் கேக்கறாங்க."

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். சொல்லி நாலு நாளாகிறது. போவதற்கென்று அடுக்கி வைத்த பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவில்லை.