பக்கத்து இருக்கையில் ஒரு பை

கொட்டாஞ்சேனையிலுள்ள அந்தச் சின்ன நாடக அரங்குக்குப் போக நான் ஒப்புக்கொண்டது தங்கைக்காகத்தான். அவளுடைய பாடசாலைத் தோழிதான் அதை நடத்துகிறாள். ஞாயிறு பின்னேரம் நாடகம். வெள்ளவத்தையில் பஸ் ஏறியபோதே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்ததிலிருந்து, சனம் கூடுகிற மூடிய இடமென்றால் எனக்கு மூச்சு முட்டும்.

தோழி எங்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். வீட்டு வரவேற்பறை ஒன்றைவிடச் சற்றுப் பெரிய இடம். முன்வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் மேடையில் முட்டும்.

"முந்தி இது மிளகாய், மல்லி அடுக்கி வைக்கிற ஸ்டோர் அக்கா. அப்பாதான் வாங்கி மேடை கட்டினவர். எண்பத்திமூண்டு கலவர நேரம் பின்கதவை உடைச்சு வந்து எல்லாத்தையும் கொளுத்திப்போட்டாங்கள். திருப்பிக் கட்டேக்க அப்பா அந்தக் கதவைச் சுவராக்கிப்போட்டார்."

"அப்ப அவசரத்துக்கு வெளியில போறதெண்டால்?"

"வந்த கதவாலதான்."

அந்தக் கதவுக்குக் கிட்ட, கடைசி வரிசையில், தங்கையோடு இருந்தேன். என் மற்றப் பக்கத்தில் வெள்ளைச் சேட் போட்ட மெலிந்த மனிதர். மடியில் கறுப்புப் பை. மின்விசிறிக்குக் கீழேயும் அவருக்கு வியர்த்து ஊற்றியது. விளக்கு அணைந்து நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பையை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வரவேயில்லை.

மேடையில் ஓர் இளம்பெண் ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். ஒரு சொல்கூட எனக்குள் ஏறவில்லை. பையைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"அந்த ஆள் பையை விட்டிட்டுப் போட்டான்," என்று தங்கையின் காதில் சொன்னேன்.

"பாத்ரூமுக்குப் போயிருப்பார். பேசாம இருங்கோ அக்கா."

கத்தலாம். கத்தினால் அத்தனை பேரும் அந்த ஒற்றைக் கதவுக்குப் பாய்வார்கள், மிதிபட்டே சாவோம். கத்தாவிட்டால்? ஒருவாறு எழுந்து, கதவடியில் நின்ற தோழியிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய முகம் வெளிறிப்போனது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த ஆளைத் தேடி வெளியே ஓடினாள்.

அந்த மனிதர் வாசற்படியில் தலையைப் பிடித்தபடி இருந்தார்.

"ஐயா, உங்கட பை உள்ளுக்கு..." என்று தொடங்கினாள் தோழி.

அவர் பதறி எழுந்தார். "மகள்ட உடுப்பும் பிளாஸ்க்கும் தான் தங்கச்சி. மேடையில நிக்கிறது என்ர பிள்ளை. இண்டைக்குத்தான் முதல் தரம். வசனத்தை மறந்திடுவாளோ எண்டு பயம். உள்ளுக்கு இருக்க ஏலாமப் போச்சு."

தோழி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"மறந்தவளோ?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"இல்லை, நல்லாச் செய்யிறா," என்றேன், எதையும் கேட்காத நான்.

அவரை உள்ளே கூட்டிப்போனோம். பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என் பயம் மட்டும் இறங்கவில்லை. கைதட்டல் தொடங்கியதும் தங்கைக்குக்கூடக் காத்திராமல் வெளியே வந்து, வீதியோரத்தில் நின்று மூச்சை இழுத்து விட்டேன். உள்ளே அந்த மனிதர் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.